எங்கள் வீட்டுப் புத்தக அலமாரி



எங்கள் வீட்டிற்கு வரும் உறவினர்கள் கூடத்திலுள்ள புத்தக அலமாரியைக் கண்டதும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். "இத்தனையையும் படித்து முடித்தாயிற்றா?" என்பது முதற்கேள்வி. அதற்குப் புன்னகையே எங்கள் விடை. "தஃப்ஸீரும் ஹதீஸும் இருக்கிற அலமாரியில் கதைப் புத்தகங்களுக்கு என்ன வேலை?" என்பது அடுத்தது. இது அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி. ஆகவே பொறுப்போடு விடை சொல்லவேண்டிய கேள்வியுமாகும். நாங்கள் இருவரும் பல ஆண்டுகளாகப் பேசித் தெளிந்துகொண்ட விடையை இங்கே எழுதுகிறோம்.

எங்களில் ஒருவர் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவர். நாவல் கையில் கிடைத்துவிட்டால் பசியறியாதவர். மற்றவர் கீழக்கரையைச் சேர்ந்தவர். வரலாறு, பயணநூல், தன்வரலாறு ஆகிய மூன்றையன்றி வேறெதையும் நெடுங்காலம் தொடாதவர். "நடக்காத ஒன்றை ஏன் படிக்கவேண்டும்?" என்று ஒருவர் கேட்பதும், "நடந்ததை மட்டும் படித்து மனிதரை அறிந்துகொள்ள முடியுமா?" என்று மற்றவர் மறுப்பதும் மணமான புதிதில் எங்கள் வீட்டில் வழக்கமாயிருந்தது. நாளடைவில் ஒருவர் விரும்பியதை மற்றவரும் படிக்கத் தொடங்கினோம். இன்று எந்தப் புத்தகம் யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மார்க்க நூல்கள்

மேல்தட்டு திருக்குர்ஆனுக்கும் அதன் விளக்கங்களுக்கும் உரியது. அடுத்த தட்டில் இமாம் நவவீ (ரஹ்) தொகுத்த 'ரியாளுஸ் ஸாலிஹீன்' இருக்கிறது. எங்கள் வீட்டில் மிக அதிகமாகக் கைபட்டுத் தேய்ந்த நூல் இதுவே. பொறுமை, பெற்றோர்க்குச் செய்யும் கடமை, அண்டை வீட்டார் உரிமை எனத் தலைப்புத் தலைப்பாக இருப்பதால், வீட்டில் எழும் ஒரு பிரச்சினைக்கு உரிய பக்கத்தை உடனே எடுத்துப் படித்துக்கொள்ள முடிகிறது. அதன் அருகே ஸஃபிய்யுர் ரஹ்மான் முபாரக்பூரி எழுதிய நபி (ஸல்) அவர்களின் வரலாறான 'ரஹீக்' இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பற்றி வழங்கும் ஒரு நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வோம். கல்வி கற்றுத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவருடைய குறிப்பேடுகளைப் பறித்துக்கொண்டனர். அவற்றையேனும் திருப்பித் தருமாறு அவர் கெஞ்சினார். காகிதத்தைப் பறித்ததும் அறிவே போய்விட்டதென்றால் நீ கற்றதுதான் என்ன என்று கொள்ளையர் தலைவன் நகைத்தானாம். ஊர் திரும்பிய இமாம், தம் குறிப்புகள் அனைத்தையும் நெஞ்சில் பதிக்க மூன்று ஆண்டுகள் செலவிட்டார் என்பர். அலமாரியில் இருப்பது வேறு, அகத்தில் இருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

இறைவன் தன் மறையில் சட்டங்களை மட்டும் அருளவில்லை. யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை ஒரு முழு அத்தியாயமாக அருளி, அதனை வரலாறுகளில் மிக அழகியது என்றும் சிறப்பித்துள்ளான். சகோதரரின் பொறாமை, தந்தையின் கண்ணீர், சிறைவாசம், இறுதியில் மன்னிப்பு என ஒரு குடும்பத்தின் வாழ்வு முழுவதும் அங்கே விரிகிறது. அந்த மெய்வரலாற்றுக்கு எந்தப் புனைகதையும் நிகராகாது. ஆயினும் ஒரு குடும்பத்தின் வாழ்வைச் சொல்லியே மனிதரின் உள்ளத்தைத் திருத்த முடியும் என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது.

அரபு நாட்டில் நெல்வயல்

உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்' எங்களுக்கு நெடுங்காலம் ஒரு பெயராக மட்டுமே இருந்தது. மேடைகளில் கேட்டதுண்டு, பள்ளிப் பாடத்தில் சில செய்யுள்களை மனனம் செய்ததுண்டு. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களும் 5,000-க்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட அந்தக் காப்பியத்தை உரையின் துணையோடு வாரம் பத்துச் செய்யுள் என்று படிக்கத் தொடங்கியபோதுதான் அதன் அருமை புரிந்தது.

நாட்டுப் படலத்தில் புலவர் அரபு நாட்டை வருணிக்கிறார். மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, நெல் விளைகிறது. "மக்காவில் ஏது நெல்வயல்?" என்று எங்கள் மகன் கேட்டான். அந்த ஒரு கேள்வி அன்றைய இரவுப் பேச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டது. தமிழ்க் காப்பிய மரபில் நாட்டுவளம் பாடுவது இலக்கணம் என்பது ஒரு விடை. எங்களுக்கு மேலும் ஒன்று தோன்றியது: தாம் உயிரினும் மேலாக நேசித்த நபி (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணைப் பாட நினைத்த புலவருக்கு, தாம் அறிந்த வளத்தில் மிகச் சிறந்ததைக் கொண்டு அதனை அலங்கரிக்காமல் இருக்க மனம் வரவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் சீதக்காதி வள்ளலின் ஆதரவில் தொடங்கப்பெற்ற அக்காப்பியம், நபிகளாரின் வரலாறு முழுமையும் பாடப்பெறாமலே நின்றுவிட்டது. எஞ்சியதைப் பாடக் காயல்பட்டினத்துப் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வை இயற்றினார். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் தொடர்ந்தார் என்ற செய்தியே எங்களுக்குப் பெரிய ஊக்கமாயிற்று.

பயணமும் தன்வரலாறும்

வரலாற்று நூல்களில் எங்கள் இருவருக்கும் பொதுவான விருப்பம் இப்னு பதூதாவின் பயணநூல். 1325-இல், தம் 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடித் தஞ்சியரிலிருந்து புறப்பட்டவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் உலகைச் சுற்றினார். இலங்கையில் பாவா ஆதம் மலைக்கு ஏறினார்; பின்னர் தமிழகக் கரையை அடைந்து மதுரைச் சுல்தானின் விருந்தினராகத் தங்கினார். அந்தச் சுல்தான் அவருக்கு மனைவிவழி உறவினர். அவ்வாறிருந்தும், போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் அவன் கொன்ற கொடுமையை அவர் மறைக்கவில்லை. வெறுப்போடு பதிவு செய்திருக்கிறார். உறவும் விருந்தும் உண்மைக்குத் தடையாகக் கூடாது என்பதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

மகன் தானாகவே தேர்ந்தெடுத்துப் படித்த முதற்பெரிய நூல் மால்கம் எக்ஸின் தன்வரலாறு (1965). சிறையில் இருந்தபோது அகராதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதித் தம் சொல்வளத்தைப் பெருக்கிக்கொண்ட பகுதியை அவன் எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். 1964-இல் ஹஜ்ஜுக்குச் சென்றபோது, எல்லா நிறத்தவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணக் கண்டு அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்ட பகுதியைப் படித்துவிட்டு, நீண்ட நேரம் அவன் எதுவும் பேசவில்லை.

வலிக்கும் புத்தகங்கள்

உறவினர்கள் மிகுதியாக ஐயுறுவது இந்தத் தட்டைத்தான். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 'சாய்வு நாற்காலி', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' ஆகியவை இங்கே இருக்கின்றன. "நம்மைப் பற்றித் தாழ்வாக எழுதியதை நாமே காசு கொடுத்து வாங்க வேண்டுமா?" என்று ஒரு பெரியவர் மனம் வருந்திக் கேட்டார்.

தோப்பிலின் முதல் நாவலில் ஊர் முதலாளியின் அதிகாரமும், ஆங்கிலப் பள்ளிக்கு எழும் எதிர்ப்பும், தங்ஙள் என்ற பெயரால் நடக்கும் ஏமாற்றும் கண்ணாடிபோல் காட்டப்படுகின்றன. 1988-இல் நூலாக வருமுன் அது 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வெளிவந்தது என்பதை அந்தப் பெரியவரிடம் சொன்னோம். நம் சமுதாய இதழே அதனை வெளியிட்டது. நம் மக்களே மாதந்தோறும் படித்தனர். தன் முகத்தைப் பார்க்கும் துணிவு அந்தத் தலைமுறைக்கு இருந்தது. குமரிக்கரையில் பிறந்தவருக்கோ அந்நூலில் வரும் ஒவ்வொரு சொல்லும் சொந்த வாப்பாவின் குரலாகக் கேட்கிறது.

சல்மாவின் நாவலில் எல்லாப் பக்கங்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆயினும் பருவமடைந்ததும் பள்ளியை இழந்த பெண்ணின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தபின், மகளின் படிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் மறுபேச்சு எழவில்லை. நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்வதை முஹாஸபா என்கிறோம். தனிமனிதனுக்கு அது கடமையென்றால் சமுதாயத்திற்கு மட்டும் வேண்டாமா?

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' நாவலும் இந்தத் தட்டில்தான் உள்ளது. 1938-இல் வெளிவந்த அந்நூலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். முஸ்லிம் பெண்கள் அக்காலத்தில் எழுதவில்லை என்று யாரேனும் சொன்னால், மகள் எழுந்துபோய் இதை எடுத்துவந்து காட்டுவாள்.

சிரிப்பும் சிந்தனையும்

வைக்கம் முகம்மது பஷீர் எங்கள் வீட்டின் செல்லப்பிள்ளை. குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்புகள் வழியாக அவர் எங்களுக்கு அறிமுகமானார். 'பாத்துமாவின் ஆடு' நூலில் வீட்டு ஆடு ஆசிரியரின் சொந்தப் புத்தகங்களையே தின்றுவிடும் இடத்தில் எங்கள் இளையவள் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆனால் எங்களை ஆழமாகத் தொட்டது உப்பப்பாவின் ஆனையைப் பற்றிய நாவல்தான். தங்கள் குடும்பத்தில் முன்பு ஒரு பெரிய கொம்பன் ஆனை இருந்தது என்ற பெருமையைச் சொல்லியே ஒரு தாய் வாழ்நாளைக் கழிக்கிறாள். செல்வம் போகிறது, வீடு போகிறது. பெருமை மட்டும் போகவில்லை. கடைசியில் தெருப்பிள்ளைகள் அது ஆனையே அல்ல, வெறும் குழியானை என்று கேலி செய்கிறார்கள். மணலில் குழி பறித்து வாழும் அந்தச் சின்னஞ்சிறு பூச்சிக்குத் தமிழிலும் அதுவே பெயர்.

இதைப் படித்த அன்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உமறுப் புலவர் எங்களவர், குணங்குடி மஸ்தான் சாகிபு எங்களவர், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் எங்களவர் என்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். அவர்களுடைய நூல்களைத் திறந்து பார்க்கும் வீடுகள் எத்தனை? திறக்கப்படாத புத்தகத்தைப் பற்றிய பெருமை, பேரப்பிள்ளைகள் காலத்தில் குழியானையாகிவிடும்.

துணியில் பொதிந்த நூல்

கீழக்கரை வீட்டில் உம்மம்மா ஓதிவந்த சில நூல்கள் அவர் மறைவுக்குப் பின் துணியில் பொதிந்து எங்களிடம் வந்தன. அவற்றில் ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் மார்க்கச் சட்ட நூல். எழுத்து அரபி, மொழி தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளைக் குறிக்கச் சில எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகள் இட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் செல்லாத நம் பாட்டிமார் பலர் இந்த அரபுத் தமிழ் வழியாகவே தொழுகையின் சட்டங்களையும் மாலைகளையும் முனாஜாத்துகளையும் கற்றுத் தேர்ந்தனர். இரண்டே தலைமுறையில் அந்த வாசல் அடைபட்டுவிட்டது.

மதரஸாவில் ஓதும் எங்கள் மகளுக்கு அரபி எழுத்து தெரியும். மாமிக்கோ சிறுவயதில் உம்மா ஓதக் கேட்ட ஒலி நினைவிருந்தது. பேத்தி எழுத்தைக் கூட்டிச் சொல்ல, மாமி சொல்லை முடித்துக் கொடுத்தார். முதல் நாள் மூன்று வரி. ஒரு மாதத்தில் ஒரு பக்கம். உம்மம்மாவின் சொற்கள், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், எங்கள் கூடத்தில் மீண்டும் ஒலித்தன. அன்று மாமியின் கண்கள் கலங்கியிருந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் வேண்டுகோள்

அலமாரியின் கீழ்த்தட்டில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்', தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகள் ஆகியவை உண்டு. அவற்றைப் பொழுதுபோக்காகவே படிக்கிறோம். எல்லா நூலும் எல்லா வயதினருக்கும் உரியதன்று என்பதையும் மறக்கவில்லை. பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் நாங்கள் படித்துவிடுகிறோம். படித்தபின் அவர்களோடு உரையாடுகிறோம்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அரைமணி நேரம் கைப்பேசிகளை ஓரமாக வைத்துவிட்டு, குடும்பத்தோடு அமர்ந்து ஒரு பக்கத்தையேனும் உரக்கப் படியுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால், இளமையில் அவர் என்ன படித்தார், எதை ஓதக் கேட்டார் என்று கேளுங்கள். பழைய பெட்டியில் எழுத்துப் புரியாத நூல் ஏதேனும் கிடந்தால் அதைக் கழித்துவிட வேண்டாம். அதைப் படிக்கத் தெரிந்தவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார். நாளை இருப்பாரா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

முதல் இறைச்செய்தியாக ஓதுமாறு பணித்த இறைவன், நம் பிள்ளைகளுக்கு வாசிப்பின் மீது நாட்டத்தையும் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக. ஆமீன்.