'க்ளெய்ம் வரட்டும், தர்றேன்'

"சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் மரத்துல கை வைக்காதீங்க."

புயல் ஓய்ந்த மறுநாள், மரம் வெட்டும் மேஸ்திரி போய் நின்றதும் காதில் விழுவது இதுதான். கார் மேல் தூங்குமூஞ்சி மரம் படுத்துக் கிடக்கும். தெரு அடைத்துப்போன எரிச்சலில் அக்கம்பக்கத்தார், 'சீக்கிரம் வெட்டுப்பா' என்று கத்துவார்கள். கார்காரரோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டபடியே நிற்பார். கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

நண்பர் ஒருவர் சொல்லி, மேடவாக்கம் - மாம்பாக்கம் சாலைப் பக்கம் இருக்கும் அப்படி ஒரு மேஸ்திரியை நாம் பார்க்கப் போனபோது, அவர் மரம் அறுக்கும் மெஷின் செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே சாய்வில் இரண்டு இழுப்பு. சாலையோர மரங்களில் விளம்பரத் தட்டி மாட்ட அடித்த ஆணிகளைக் காலப்போக்கில் பட்டை மூடிவிடும். வெளியே தெரியாது. அறுக்கும்போது செயின் அதில் பட்டால் அன்றைக்கு அது அவ்வளவுதான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவே மரங்களை இழந்து வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்போது மேஸ்திரியிடம் இருந்தவை கோடாலியும் கைரம்பமும்தான். வேலை குவிந்தது, காசு வரவில்லை. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகாத நேரம். ஏ.டி.எம். வாசலில் ஊரே நின்றது. "பாதிப் பேர் நோட்டு இல்லைன்னாங்க, மீதிப் பேர் க்ளெய்ம் வரட்டும்னாங்க" என்கிறார். கடன் வாங்கித்தான் மெஷின் வாங்கினார்.

விழுந்த மரத்தை அறுப்பது, நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது. வளைந்து கிடக்கும் கிளையின் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், மறுபக்கம் நசுங்கியிருக்கும். நசுங்கிய பக்கத்தில் ஆழமாக அறுத்தால் மரம் செயினைக் கடித்துக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தில் அவசரப்பட்டு அறுத்தால் கிளை படாரென்று தெறித்து முகத்தில் அடிக்கும். அதனால் முதலில் நசுங்கிய பக்கம் லேசாக ஒரு கீறல், பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக. அடியில் கார் இருந்தால் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும்.

இத்தனைக்கும் பாலிசியில் என்ன இடம்? பழைய மோட்டார் டாரிஃப் வாசகத்தைப் பின்பற்றும் கார் பாலிசிகளில், அடிபட்ட காரைப் பாதுகாத்து ஒர்க்‌ஷாப் கொண்டுபோய்ச் சேர்க்க அதிகபட்சம் 1,500 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் அதுவும் கிடையாது. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் க்ருஹ ரக்‌ஷா' வீட்டுக் காப்பீட்டில் இடிபாடு அகற்ற க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை. ஒரு லட்ச ரூபாய் சேதத்துக்கு இரண்டாயிரம். சுவரைத் தொடாமல் தோட்டத்தில் சாய்ந்த மரம் என்றால், சேதமே இல்லை, க்ளெய்மும் இல்லை.

எந்தத் தொகையானாலும் மேஸ்திரி கைக்கு நேராக வராது. கம்பெனிக்கும் மரம் வெட்டியவருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. சர்வேயர் குறைத்து மதிப்பிட்டால், வீட்டுக்காரர் அந்தக் குறையை மேஸ்திரி கூலியில் கழிக்கப் பார்க்கிறார். "டீசல், கிரேன், ஆள் கூலி எல்லாம் அன்னிக்கே குடுத்தாகணும் சார். எனக்கு மட்டும் மூணு மாசம் கழிச்சா?"

சரி, வெட்டுபவருக்கே அடிபட்டால்? தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்‌ஷா' விபத்துக் காப்பீடு இருக்கிறது. தூங்குமூஞ்சியும் குல்மோஹரும் அதில் சேராது. மேஸ்திரியின் ஆட்களில் சிலருக்கு இருப்பது, வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்‌ஷா பீமா மட்டும்தான். கை கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தால் அதில் ஒன்றும் வராது.

இப்போதெல்லாம் புயல் வேலைக்கு மேஸ்திரி கறார். வெட்டுவதற்கு முன் நான்கு பக்கமும் வீட்டுக்காரரே போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். மெஷின் ஸ்டார்ட் ஆகும் முன் பாதித் தொகை ஜிபேயில் வர வேண்டும். க்ளெய்ம் வந்தாலும் வராவிட்டாலும் மீதி அன்றே என்று துண்டுச்சீட்டில் கையெழுத்து வேண்டும்.

மறுப்பவர்கள் இல்லையா என்று கேட்டோம்.

"இருக்காங்க சார். அந்த மரத்த வேற ஆள் வெட்டுவான். காசு வந்துச்சான்னு அவனத்தான் கேக்கணும்."