அரைக் கிளச்

எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர எல்லாருக்கும் அந்தக் கார் பிடித்திருந்தது. ஜப்பானில் ஓடிக் களைத்து, 2019இல் வவுனியாவுக்கு வந்த கார். கிளச் மிதி இல்லை, கியர் மாத்தும் வேலையும் இல்லை. 20 வருசம் வான் ஓடிய அப்பாவின் இடது காலுக்கு இனி ஓய்வு என்று நாங்கள் பகிடி பண்ணினோம். "கால் சும்மா இருந்தா மூளையும் சும்மா இருந்திடும்" என்றார் அவர்.

ஹயர் ஓடத்தான் கடன்பட்டு வாங்கினது. பிறகு எங்கள் ரெண்டு பேரின் கம்பஸ் செலவும் அதில்தான் ஓடியது. ஏ9இல் யாழ்ப்பாணம் போய்வரும்வரை ஒரு குறையும் காட்டவில்லை. பேராதனைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்ட அன்றுதான், கட்டுகஸ்தோட்டை நெரிசலில், அது நடுங்கத் தொடங்கியது. காய்ச்சல்காரனுக்குக் குளிர் எடுத்தமாதிரி ஒரு நடுக்கம். இரண்டாம் கியருக்குப் போகும், திரும்ப ஒன்றுக்கு வரும். முன்னால் இடம் கிடைத்து அப்பா மிதித்தால், ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாயும். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தே எங்களைக் கொன்றார்.

"உதுக்குக் கியர் மாத்தத் தெரியேல்ல" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

நாங்கள் கலைப்பீடம். எஞ்சின் எங்கள் பாடமில்லை. ஆனால் கிளச் போனால் எங்கள் செமஸ்டரும் போகும் என்று தெரியும். 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய கார்களின் விலை ஏறியது. 2025இல் திறந்தபிறகும் எங்களுக்கு எட்டவில்லை. இருக்கிற காரைத்தான் காப்பாற்ற வேண்டும். அன்றிரவு போனில் தேடித் தேடி வாசித்தோம்.

வழமையான ஓட்டோ கியரில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய டோர்க் கொன்வேர்ட்டர் இருக்கும். கார் ஊரும்போது வரும் இழுபறியை அந்த எண்ணெய் வாங்கிக்கொள்ளும். எங்கள் காரில் இருப்பது டியுவல் கிளச். ஒரு கிளச் 1, 3, 5, 7 கியர்களுக்கு. மற்றது 2, 4, 6க்கு. இரண்டில் ஓடும்போதே மூன்றைப் போட்டுத் தயாராக வைத்திருக்கும். ஒன்று விட, மற்றது பிடிக்கும். 1980களில் போர்ஷே ரேஸ் கார்களில் ஓட்டிப் பார்த்த விசயம், 2003இல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் மூலம் சாதாரண வீதிக்கு இறங்கியது.

சிக்கல் குறைந்த ஆர்பிஎம்மில்தான். பெற்றோல் மிச்சம் பிடிக்க, எஞ்சின் 2,000 சுற்றைத் தொடமுதலே கார் அடுத்த கியருக்குத் தாவப் பார்க்கும். நெரிசலில் இரண்டாம் கியரை முழுதாகப் பிடித்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே கிளச்சை அரைகுறையாகப் பிடித்து வழுக்க விடும். தட்டு உரசும், சூடாகும், நடுங்கும். சில கார்களில் கிளச் எண்ணெயில் குளித்துக் குளிரும். எங்களுடையது உலர் கிளச், காற்றுத்தான் ஆற்றவேண்டும். அந்த யோசிக்கிற கணமும் விளங்கியது. மூன்றைப் போட்டு வைத்திருக்கிறபோது அப்பா மிதித்தால், அதைக் கழற்றித்தான் ஒன்றைப் போடமுடியும்.

அப்பாவுக்குக் கோல் எடுத்தோம். "அது அரைக் கிளச்சில நிக்குதப்பா."

அந்தப் பக்கம் சத்தமில்லை. எங்களுக்கு வான் பழக்கின காலத்தில் அவரிடம் இருந்த ஆகப் பெரிய வசவு 'அரைக் கிளச்'தான். கடைசியில் சொன்னார்: "அப்ப உது உங்களை மாதிரித்தான் ஓடுது."

அதன்பிறகு அவர் காரைத் திட்டவில்லை, பழக்கினார். முன்வாகனத்தோடு ஒட்டி ஊராமல், இடம் விட்டு நின்று, ஒரே மூச்சில் போவார். ஏற்றத்தில் அக்சிலேற்றரால் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கை மிதிப்பார். நெரிசல் கூடினால் மனுவலுக்கு மாத்தி ஒன்றிலேயே வைப்பார். நடுக்கம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. தட்டு ஏற்கெனவே தேய்ந்துதான் இருக்கு, பார்த்து ஓடினால் கொஞ்சக் காலம் வரும் என்றார் கராச் அண்ணை.

அவசரப்பட்டுக் கியர் ஏறுகிற அதே குணம்தான் 2022இல் எங்களுக்கு உதவியது என்பதையும் மறக்கவில்லை. கியூஆரில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்ப அந்தச் சிக்கனத்தில்தான் அப்பா ஹயர் ஓடினார்.

போன கிழமையும் கட்டுகஸ்தோட்டையில் நின்றோம். முன்னால் இருந்த லொறி நகர்ந்தது. அப்பாவின் இடது கால் தன்பாட்டில் எழும்பி, இல்லாத கிளச்சைத் தேடியது. நாங்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை.