யாரும் படிக்காத பக்கம்

புத்தகம் கையில் வந்ததும் அட்டையைப் பார்ப்போம், பின்னட்டையைப் புரட்டுவோம், விலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவோம், பிறகு நேராக முன்னுரைக்கோ முதல் அத்தியாயத்துக்கோ போய்விடுவோம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் பதிப்பு, ஆண்டு, உரிமை, அச்சகம், ஐஎஸ்பிஎன் என்று ஒரு பக்கம் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. பதிப்பாளர்களிலேயே பலர் அதைப் புதிதாக எழுதுவதில்லை. போன புத்தகத்தின் பக்கத்தை நகலெடுத்துத் தலைப்பையும் விலையையும் மட்டும் மாற்றுகிறார்கள். சில சமயம் அதுவும் மாறுவதில்லை.

ஒரு தமிழ்ப் புத்தகம் ஐம்பது வருடம் கழித்து யார் கையிலாவது கிடைக்குமா என்பதற்கு அதன் தரம் மட்டும் போதாது. அந்தப் பக்கமும் ஒழுங்காக இருக்க வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். தரவைப் பற்றிய தரவு. கேட்கப் பெரிய சங்கதி மாதிரி இருக்கும். அஞ்சறைப் பெட்டியில் எது சீரகம், எது வெந்தயம் என்று திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பரணில் ஏற்றிவைத்த நாற்பது எவர்சில்வர் டப்பாக்களில் எதில் என்ன இருக்கிறதென்று மேலே ஒட்டிய சீட்டுதான் சொல்ல வேண்டும். வீட்டு அலமாரி அஞ்சறைப் பெட்டி. நூலகம் பரண்.

இந்தச் சீட்டை நம் ஊரில் சட்டம் போட்டு ஒட்ட வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1867இல் அச்சகங்களையும் புத்தகங்களையும் பதிவுசெய்ய ஒரு சட்டம் வந்தது. 1857 கலகம் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. யார் எதை அச்சடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அரசுக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும், அரசுக்குப் பிரதி தர வேண்டும் என்றார்கள். வந்த புத்தகங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டார்கள். தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சான இடம், பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, விலை, உரிமை யாருக்கு என்று எல்லாம் அதில் உண்டு.

கண்காணிக்கத்தான் எழுதினார்கள். ஆனால் இன்று தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதும் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்களுக்கு அந்தப் பட்டியல்கள் பெரிய சான்று. நூற்றிருபது வருடத்துக்கு முன் அச்சான ஒரு குஜிலிப் பாட்டுப் புத்தகம் எத்தனை பிரதி போட்டார்கள் என்று அதில் பார்த்துச் சொல்லிவிடலாம். பத்து வருடத்துக்கு முன் வந்த ஒரு கவிதைத் தொகுப்புக்கு அதைச் சொல்ல முடியுமா? போலீஸ் மூளை எழுதிய பதிவேடு நம்மைவிட ஒழுங்காக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

பழைய நூல்களில் இன்னொரு கூத்து உண்டு. பல நூல்களில் ஆங்கில ஆண்டு இருக்காது, தமிழ் வருஷத்தின் பெயர்தான் இருக்கும். ‘ஆங்கீரச வருஷம்’ என்று போட்டிருந்தால் அது 1872 ஆகவும் இருக்கலாம், 1932 ஆகவும் இருக்கலாம். அறுபது வருட வித்தியாசம்! இதை அவிழ்க்க அந்தப் பக்கத்திலேயே இன்னொரு வரி உதவும்: அச்சகத்தின் பெயர். அந்த அச்சகம் எந்த வருடங்களில் இயங்கியது என்று தெரிந்தால் எந்த ஆங்கீரச என்று சொல்லிவிடலாம். ‘அச்சகப் பெயரெல்லாம் யாருக்குங்க வேணும்’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எந்த வரி எப்போது யாருக்குத் தேவைப்படும் என்று எழுதுகிற அன்று தெரியாது.

இதெல்லாம் எனக்குப் புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. நான் குடியிருக்கும் பகுதியில் ஒரு பழைய வாசகசாலை இருக்கிறது. அதன் பட்டியலைக் கணினிக்கு மாற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். கோஹா என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறோம். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக எழுதி 2000இல் ஓடத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. மென்பொருளை நிறுவ ஒரு நாள் ஆனது. புத்தகங்களை அதற்குப் புரியவைக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

எங்களுக்கு வழிகாட்டி ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. முதல் மாதமே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

“தம்பி, புதுமைப்பித்தன் ஒருத்தர்தானே? உங்க கம்ப்யூட்டர்ல அஞ்சு பேரா நிக்கிறாரு பாருங்க.”

நின்றார். புதுமைப்பித்தன், புதுமைப் பித்தன், சொ. விருத்தாசலம், சொ.விருத்தாசலம், சொ.வி. புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டால் மென்பொருளுக்கு வேறு ஆள். மோகமுள்ளும் மோக முள்ளும் அதற்கு இரண்டு நாவல்கள்.

எழுத்தாளருக்குப் புனைபெயர், தலைப்பெழுத்து, சுருக்கப் பெயர் என்று மூன்று நான்கு முகம் வைப்பது நம் மரபு. அது அழகுதான். ஆனால் பட்டியலுக்கு அதைச் சொல்லித்தர வேண்டும். நூலகத் துறை இதற்கு எப்போதோ வழி கண்டிருக்கிறது. ஒரு மனிதருக்கு ஒரு பதிவு; அவருடைய மற்ற பெயர்கள் எல்லாம் அந்தப் பதிவுக்குக் கைகாட்டும். ‘சொ. விருத்தாசலம்’ என்று தேடினால் ‘புதுமைப்பித்தன்’ வந்து நிற்பார். 2000இல் காலச்சுவடு வெளியிட்ட ‘புதுமைப்பித்தன் கதைகள்’ தொகுப்பைப் பாருங்கள். எந்தக் கதை எந்தப் பத்திரிகையில், என்று, எந்தப் பெயரில் முதலில் வந்தது என்று வேங்கடாசலபதி தேடித் தந்திருப்பார். கதைகளைக் கால வரிசையில் வாசித்து ஓர் எழுத்தாளர் எப்படி மாறினார் என்று நாம் பேச முடிவது அந்த உழைப்பால்தான்.

ஒரு மாலை ‘ஔவையார்’ என்று தேடினேன். பாதிப் புத்தகங்கள்தான் வந்தன. மீதி எங்கே? ‘ஒளவையார்’ என்று இருந்தன. வேகமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் ஔ என்பது ஒரே எழுத்து. இரண்டாவதில் யாரோ ஒ தட்டி, பக்கத்தில் ள தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஔவை, கணினிக்கு ஒ-ள-வை. ‘கொ’ என்ற எழுத்தையும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் இருக்காது. ஒழுங்குபடுத்தாத தேடலுக்கு இரண்டும் வேறு சொல். இருபது வரி நிரல் எழுதினால் இதைச் சரிசெய்துவிடலாம், செய்தேன். ஆனால் நிரலால் சரிசெய்ய முடியாத வகை ஒன்று உண்டு. புத்தகமே பொய் சொல்வது.

ஒரு கல்லூரிப் பையன் ஒரு நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தான். ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. “சார், இந்த ரைட்டர் ஃபேஸ்புக்ல இருக்காரா? அடுத்து என்ன எழுதுறாருன்னு கேக்கணும்” என்றான். எழுத்தாளர் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பையன்மேல் தப்பில்லை. உள்ளே ‘முதல் பதிப்பு: டிசம்பர் 2016’ என்று போட்டிருந்தது. அந்தப் பதிப்பகத்துக்கு அது முதல் பதிப்பு. அதற்கு முன் வேறு இரண்டு பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, அதற்கும் முன் தொடராக வந்திருக்கிறது. எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. கதையில் தந்தி வருகிறது, அணாக்கணக்கு வருகிறது. பையன் அதைச் சரித்திர நாவல் உத்தி என்று நினைத்திருக்கிறான்.

மொழிபெயர்ப்புகளின் கதி இன்னும் மோசம். மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகங்களை எடுத்தால் ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் என்று மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கும். நம்முடைய சில மலிவுப் பதிப்புகளில் மூல ஆசிரியர் மட்டும் இருக்கிறார், டால்ஸ்டாயே தமிழில் எழுதிவிட்ட மாதிரி. மூலத் தலைப்பு கிடையாது, எந்த மொழி வழியாக வந்தது என்பது கிடையாது. சிறுகதைத் தொகுப்புகளிலும் இதே கதைதான். வாசகர் கதையின் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறார். பட்டியலுக்குத் தொகுப்பின் பெயர் மட்டும்தான் தெரியும்.

எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் நூலகத்துக்கென்று அவர் ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். படிக்கும்போது ஒரே விஷயத்தைத் திருப்பிப் போட்ட மாதிரித் தோன்றும். இல்லை. இரண்டாவதில் வாசகர் தேடி வருகிறார். மூன்றாவதில் புத்தகம் காத்திருக்கிறது. அதற்குக் கால் கிடையாது, வாயும் கிடையாது. அதன் சார்பில் பேச இருப்பது பட்டியல் மட்டும்தான். உலகமெங்கும் நூலகக் கல்லூரிகளில் அந்த விதிகளைப் படிக்கிறார்கள். அவர் ஊர்க்காரர்களான நாம் ஒரு பக்கத்தை ஒழுங்காக நிரப்புவதற்குச் சோம்பல்படுகிறோம்.

பதிப்பாளர் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். முதலில் எப்போது, எங்கே வெளியானது என்று ஒரு வரி. இது எத்தனையாவது பதிப்பு என்பதோடு உங்கள் பதிப்பகத்தில் எத்தனையாவது என்று இன்னொரு வரி. ஆசிரியரின் இயற்பெயரும் பிறந்த ஆண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மூலத் தலைப்பும் மொழியும் மொழிபெயர்த்தவர் பெயரும். கெட்டி அட்டைக்கு ஒரு ஐஎஸ்பிஎன், சாதா அட்டைக்கு வேறு. பழைய எண்ணைப் புதுப் புத்தகத்துக்குப் போடாமல் இருப்பது. அட்டையிலும் உள்ளேயும் தலைப்பு ஒரே மாதிரி. அப்புறம், 1954ஆம் வருடச் சட்டப்படி கன்னிமாராவுக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டிய பிரதிகளை அனுப்புவது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிவிடலாம், தபால் செலவு தனி.

“யார் சார் பாக்கப்போறாங்க” என்று ஒரு பதிப்பாளர் என்னிடம் கேட்டார். யார் பார்ப்பார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

முப்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்தார். பாட்டி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பாட்டி இளவயதில் ஒரு நாவல் எழுதியதாக வீட்டில் பேச்சு. யாரிடமும் பிரதி இல்லை. பேரைச் சொன்னார், கோஹாவில் போட்டேன், ஒன்றும் வரவில்லை. தலைப்பு தெரியாது. ஏதோ ஒரு புனைபெயர் என்று மட்டும் அம்மாவுக்கு ஞாபகமாம்.

எங்கள் கணினிப் பட்டியல், முன்பு ஒரு நிறுவனம் தட்டச்சு செய்து தந்த எக்ஸெல் கோப்பிலிருந்து வந்தது. எண், தலைப்பு, ஆசிரியர், விலை என்று நான்கு பத்திதான் அதில். சார் எழுந்து பின்னறைக்குப் போனார். அங்கே பழைய அட்டைப் பட்டியலின் மர இழுப்பறைகள் எடைக்குப் போகாமல் தப்பி நிற்கின்றன. பத்து நிமிடம் கழித்து ஒரு அட்டையோடு வந்தார். சாருக்கும் முந்தைய நூலகர் ஒருவரின் கையெழுத்து, நீல மசி. மேலே பாட்டியின் பெயர். கீழே ஒரு புனைபெயர், பக்கத்தில் ‘காண்க’. அவ்வளவுதான். ‘காண்க’ அட்டைகள் எந்தப் புத்தகத்துக்கும் உரியவை இல்லை என்பதால் எக்ஸெல்லில் அவற்றுக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

அந்தப் புனைபெயரைத் தட்டினேன். ஒரே ஒரு நாவல். அலமாரியில் இருந்தது. கடைசியாக யாரோ எடுத்துப்போன தேதிச் சீட்டு பழுப்பேறியிருந்தது.

அந்தப் பெண் முதலில் அட்டையைப் பார்த்தார், பிறகு தலைப்புப் பக்கம், பிறகு அதன் பின்பக்கம். அங்கேயே நின்றுவிட்டார். ‘வெளியிடுவோர்: ஆசிரியர்’ என்றும், அதன் கீழே ஒரு கதவு எண்ணும் தெருப்பெயரும் இருந்தன.

“இது எங்க பழைய வீடு சார். இப்ப இல்ல, இடிச்சிட்டாங்க.”

சார் எதுவும் சொல்லவில்லை. உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஏழு வரிகள்தான் இருக்கும். வெகுநேரம் படித்தார்.

அவர் போன பிறகு ஆசிரியர் பதிவைத் திறந்து இயற்பெயரையும் புனைபெயரையும் இணைத்தேன். இரண்டு நிமிடம் ஆனது. இப்போது எந்தப் பெயரைப் போட்டாலும் அந்த நாவல் வருகிறது. மர இழுப்பறைகளில் ‘காண்க’ என்று எழுதிய அட்டைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ‘க’ வரிசையில் இருக்கிறோம்.