வடகோடியில் ஒரு யந்திர வனம்

சென்னைக்கு வரும் விருந்தாளிகளை மெரினாவுக்கு அழைத்துச் செல்வதே உலக வழக்கம். நாமோ இம்முறை வடக்கு நோக்கிப் பிரயாணமானோம்.

ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களை அண்ணாந்து பாராமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது! கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளோடு மல்லாடிச் சரக்கைக் கரை சேர்க்கும். உள்நாட்டுச் சரக்கை மலையாய்க் கொணர்ந்து குவிக்க ரயில் வந்தபின் படகுகள் போதுமா? 1861-ல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீண்டது. 1875-ல் துறைமுக வேலை ஆரம்பமாயிற்று. 1881-ல் புயல் அதைச் சிதைத்தும், வேலை நின்றபாடில்லை.

அத்திப் பூவைக் கண்டவர் இல்லை என்பார்கள். பூ காய்க்குள்ளேயே மலர்கிறது. ஒரு சின்னஞ்சிறு குளவி உள்ளே புகுந்தால்தான் விதை பிடிக்கும். அக்குளவிக்கோ அத்தியை விட்டால் வேறு வீடில்லை. திருவொற்றியூரில் நமக்கு இந்த நினைவே வந்தது. 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகளுக்குப் பலூன் செய்யத் தொடங்கினார். 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸார் ஆஸ்டின் கார்களைப் பூட்டலாயினர். பின்னர் லேலண்டு லாரிகள் வந்தன. 1955-ல் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. வண்டி பெருகினால் டயர் தேயும் அல்லவா? பலூன்காரர் 1952-ல் டயருக்கு மேல்பட்டை ஒட்டும் ரப்பருக்குத் தாவினார். 1961-ல் டயர் தொழிற்சாலையே எழுந்தது. லாரி இல்லாவிடில் அந்தப் பலூன் எங்கே பறந்து போயிருக்குமோ!

எண்ணூரில் 1970-ல் அனல் மின்நிலையம் வந்தது. அடுத்து 1994-ல் வட சென்னை அனல் மின்நிலையம் வந்தது. அதன் நிலக்கரிப் பசிக்காகவே 2001-ல் ஒரு தனித் துறைமுகம் திறக்கப்பட்டது. பழைய நிலையம் 2017-ல் அணைந்துவிட்டது; அது பெற்ற குடும்பம் மட்டும் அணையவில்லை.

ஆயினும் ஒரு பேதம். காட்டில் உதிரும் சருகு அங்கேயே எருவாகிறது. இந்த வனத்தின் சருகு சாம்பல். சிமெண்டுத் தொழில் அதில் ஒரு பங்கை உண்கிறது. எஞ்சியதில் எவ்வளவோ கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே கழிமுகத்தில் எண்ணெயும் படர்ந்தது.

இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "இன்று எவ்வளவு கிடைத்தது, அம்மா?" என்று விசாரித்தோம்.

"முன்னே கையை வெச்சா இறால் துள்ளும் ஐயா. இப்போ சேறா சாம்பலான்னு பார்த்துத்தான் கையை வைக்கணும்" என்றவர், மறுபடியும் குனிந்து தடவலானார்.