நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

கலாம் கதையா, ஆயிரம் தடவை கேட்டாச்சே என்று ஓடிவிடாதீர்கள். நானும் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கேட்ட கதைதான். ஆனால் பி.காம். படிக்கிற கண்ணோடு திரும்பிப் பார்த்தபோது, அதில் வேறொரு விஷயம் தெரிந்தது. ஒரு டிசைன் டீம், ஒரு மோசமான வருடம், அந்த டீமுக்கு ஒரு தலைவர், அவருக்கும் மேலே ஒரு தலைவர். வேலைக்குப் போகப்போகும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்துல் கலாம் நம்ம திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3ஐ வடிவமைத்துச் செய்யும் பொறுப்பு 1970களின் தொடக்கத்தில் அவரிடம் வந்தது. நான்கு அடுக்கு, சுமார் 17 டன் எடை. இத்தனையும் எதற்கு? 40 கிலோ அளவிலான ஒரு செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் வைக்க!

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் கவுன்ட்டவுன் போய்க்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் ஏவுதலை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கசிவு. பக்கத்தில் இருந்த நிபுணர்கள், தேவைக்கு மேலேயே எரிபொருள் இருக்கிறது, பயமில்லை என்றார்கள். கலாம் கம்ப்யூட்டரை மீறி ஏவச் சொன்னார். இதைப் பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதல் அடுக்கு ஒழுங்காகப் போனது. இரண்டாவது அடுக்கில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து, 317 வினாடியில் கதை முடிந்து, 560 கிலோமீட்டர் தள்ளி வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அன்றைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, என் டீமின் மேல் நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை ஜெயிப்பார்கள் என்றார். 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குத் தவான், நீங்களே போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பிவிட்டார்.

இதோடு கைதட்டி முடித்துவிடுவோம். தவான் எவ்வளவு பெரிய மனது கொண்டவர் என்பதுதான் நீதி. எனக்கு அது பாதி நீதியாகத்தான் படுகிறது.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் ஆரம்பத்திலேயே ஒரு பாடம் வரும், வணிகத் தனித்தன்மைக் கருத்து. கடை வேறு, கடைக்காரர் வேறு. கடைக்கு வந்த நஷ்டத்தைக் கடையின் கணக்கில்தான் எழுத வேண்டும். இதையே இன்னும் கொஞ்சம் நீட்டினால் 'லிமிடெட்' கம்பெனி வந்துவிடும். கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் போட்ட பணம் போகும். ஆனால் அவர் வீட்டுப் பாத்திரம் பண்டம் ஏலத்துக்குப் போகாது. இந்த உறுதி இருப்பதால்தான் புதிய தொழிலில் ஜனங்கள் துணிந்து பணம் போடுகிறார்கள்.

தவான் தன் டீமுக்குக் கொடுத்ததும் இதைத்தான். நஷ்டத்தை இஸ்ரோ என்ற நிறுவனத்தின் கணக்கில் எழுதினார். எந்தத் தனி மனிதனின் கணக்கிலும் எழுதவில்லை.

மீதிப் பாதி உள்ளே நடந்தது. வெளியே குடை பிடித்தாயிற்று என்று உள்ளே யாரும் சும்மா இருந்துவிடவில்லை. பழுதைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடினார்கள். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு, தூசி அடைத்ததால் சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. அதன் வழியாக நைட்ரிக் அமிலம் ஒழுகிப் போய்விட்டது. அத்தனை வருட உழைப்பைக் கடலில் தள்ளியது கொஞ்சம் தூசி! திட்டத்தின் பொறுப்பாளர் என்ற முறையில் கலாம் உள்ளே பொறுப்பைத் தன் மேல் ஏற்றுக்கொண்டார். வெளியே பாதுகாப்பு, உள்ளே கறாரான தணிக்கை. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த ஒரு வருடம்.

இதில் ஒன்று இல்லாமல் போனால் என்ன ஆகும்?

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சென்னையில் ஒரு கம்பெனியின் டிசைன் டீமில் இருக்கிறார். அட்டைப்பெட்டி, லேபிள் வடிவமைக்கிற வேலை. ஒரு வருடம் அவர்களுக்கு நேரமே சரியில்லை. இரண்டு பெரிய கஸ்டமர்கள் போய்விட்டார்கள், எட்டுப் பேர் ஐந்து பேர் ஆனார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு லேபிளில் எடை தப்பாக அச்சாகிவிட்டது. கஸ்டமர் எதிரிலேயே டீம் லீடர், "இந்தப் பையன் பண்ணினதுதான் சார்" என்று ஒரு ஜூனியரைக் கையைக் காட்டிவிட்டாராம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னார்.

"அப்புறம் எல்லாரும் உஷாராயிருப்பாங்களேண்ணே?" என்று கேட்டேன்.

"தப்பு குறையலைடா தம்பி. தப்பைச் சொல்றதுதான் குறைஞ்சு போச்சு" என்றார்.

அடுத்த இரண்டு பிழைகளை அச்சுக்குப் போகும் முன்பே பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். வாயைத் திறக்கவில்லை. சொன்னவன் தலையில்தானே விடியும்!

இது நம்ம ஊர் அட்டைப்பெட்டிக்கு மட்டும் நடப்பதில்லை. 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் 73 வினாடியில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். இவ்வளவு குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையம் சரியாக அடைக்காது என்று, அதைச் செய்த கம்பெனியின் பொறியாளர்களே முந்தின நாள் இரவு எச்சரித்திருந்தார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. எச்சரித்தவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜோலி பிறகு விசாரணையில் உண்மையைச் சொன்னார். அதற்குக் கிடைத்த பரிசு, கூட வேலை பார்த்தவர்களே அவரை ஒதுக்கி வைத்தது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது புதுசே இல்லை. வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும். ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். பார்த்தவன் உடனே குரல் கொடுக்க வேண்டும், மண்ணை வெட்டிப் போட்டு அடைக்க வேண்டும். நேற்று வரப்பு கட்டியது யார் என்ற பஞ்சாயத்தை விடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். குரல் கொடுத்தவனையே, "நீ என்னத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தே?" என்று திட்டினால், அடுத்த தடவை அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவான்.

கதையை 1980-ன் வெற்றியோடு நிறுத்துவதும் நியாயமில்லை. 1981 மே 31-ல் அடுத்த எஸ்.எல்.வி.-3 செயற்கைக்கோளைத் தாழ்வான பாதையில் விட்டது. சில நாட்களிலேயே அது கீழே வந்துவிட்டது. 1983 ஏப்ரலில்தான் மறுபடி முழு வெற்றி. ஒரு மோசமான வருடத்தைத் தாண்டினால் பிறகு எல்லாம் சுகம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் பழக்கம் அங்கே நின்றுவிட்டது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்கும்போது விழுந்தது. எங்கெல்லாம் தவறலாம் என்று எண்ணி எண்ணிப் பார்த்து அடுத்ததை வடிவமைத்தார்கள். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்கும் இடத்தை விரிவாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல்.

நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். எதிர்காலத்தில் எனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்தால், அவர்களின் நஷ்டம் வெளியே என் பெயரில்தான் போக வேண்டும். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வால்வு எது என்று விடாமல் தேட வேண்டும். நாலு பேரில் ஒருவனாக நான் இருந்தால், நண்டு வளையைப் பார்த்த உடனே குரல் கொடுக்க வேண்டும்.

கேம்பஸ் இன்டர்வியூவின் கடைசியில், "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்பார்களாம். சம்பளத்தைக் கேட்கலாமா கூடாதா என்று பசங்களுக்குள் பெரிய விவாதமே நடக்கிறது. நான் கேட்கப்போவது வேறு. "சார், உங்கள் கம்பெனியில் ஒரு வேலை சொதப்பினால், வெளியே போய்ப் பதில் சொல்வது யார்?"

வேலை கிடைக்குமா என்று தெரியாது. எப்படிப்பட்ட கம்பெனி என்பது தெரிந்துவிடும்.