கடைசியாகக் கட்டிய இடம்

"பதறாத காரியம் சிதறாது" என்பது பழமொழி. பள்ளியில் அதைப் பலமுறை கட்டுரைக்கு முடிவுரையாக எழுதியிருக்கிறேன். அதன் பொருளை உணர்ந்ததோ சென்ற மாதம், குடிபாலாவில், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓர் இரவில்தான்.

மறுநாள் காலை சித்தூர் சென்று, அங்கிருந்து திருப்பதிப் பேருந்தைப் பிடித்து, என் பேராசிரியரிடம் ஒரு வரைபடத்தைக் காட்ட வேண்டும். லினக்ஸ் மடிக்கணினியில் மூன்று நாளாக ஒரு கணக்கீடு ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கு வரும்போது அதை மூடி உறங்க வைத்திருந்தேன். வீட்டில் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வந்தவரையில் முடிவுகளை வரைந்து பார்க்கலாமென்று வரைபட நிரலைத் திறந்தேன். கீழ்ப்பட்டையில் அதன் பெயர் தோன்றியது. சாளரத்தை மட்டும் காணோம்!

நான் செய்தது என்ன? நிரலை நீக்கினேன், கைப்பேசி இணையத்தில் இறக்கி மீண்டும் நிறுவினேன். பயனில்லை. கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடலாம். ஆனால் மூன்று நாள் உழைப்பும் உடன் அணைந்துவிடுமே! விரல் பொத்தான் வரை போய்ப் போய் மீண்டது.

"என்னம்மா தேடுகிறாய்?" என்றார் அப்பா.

"ஜன்னலைக் காணோம், அப்பா" என்று விளக்கினேன்.

அவர் சிரித்தார். "மாட்டைக் காணோம் என்றால் புதுக் கயிறு வாங்கினால் வந்துவிடுமா? கடைசியாக எங்கே கட்டினாய், அதைப் பார்."

கடைசியாக எங்கே? ஆய்வுக்கூடத்தில், மடிக்கணினியோடு இணைத்திருந்த பெரிய திரையில்!

1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது எக்ஸ் சாளர முறை. 1987இல் வந்த அதன் 11ஆம் பதிப்பு இன்றும் பல கணினிகளில் உழைக்கிறது, என்னுடையதிலும் அதுதான். இரண்டு திரைகளை இணைத்தாலும் அதற்கு அவை ஒரே தாள். இடப்பக்க மேல்மூலை சுழி. வலப்பக்கம் போகப்போக எண் ஏறும். என் மடிக்கணினித் திரையின் அகலம் 1366 புள்ளி. ஆய்வுக்கூடத் திரை 1920.

முனையத்தில் 'எக்ஸ்ராண்டர்' என்னும் கட்டளையைக் கொடுத்தேன். வந்த விடை என்னை வெட்கப்பட வைத்தது. தாளின் அகலம் 3286! பெரிய திரைக்கு நேரே 'இணைப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. ஆனால் அதற்குரிய இடம் அப்படியே இருந்தது. சாளரம் அந்த இல்லாத திரையில் ஒழுங்காகத் திறந்திருந்தது. சுட்டியும் வலப்புற விளிம்பைத் தாண்டி அடிக்கடி மறைந்ததே! மாலையெல்லாம் கண்டும் காணாதிருந்தேன். நிரலில் பழுதே இல்லாதபோது அதை மீண்டும் நிறுவி என்ன பயன்?

அதே கட்டளையோடு, முன்னே இரு சிறு கோடிட்டு, 'ஆட்டோ' என்று சேர்த்தேன். தாள் 1366க்குச் சுருங்கியது. சாளரம் கண்முன் வந்து நின்றது. கணக்கீடு தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

நண்பர்களே, உங்களுக்கும் இவ்வாறு நேர்ந்தால், உங்கள் கணினியில் இருப்பது எக்ஸா, வேலாண்டா என்று முதலில் கேளுங்கள். 2008இல் தொடங்கிய வேலாண்ட் முறையில் சாதாரண நிரல் ஒன்று தன் இடத்தைத் தானே குறித்துக்கொள்ள இயலாது. திரையை ஆளும் நிரலே இடம் தரும். ஒன்றுக்குச் சொன்ன மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. சாளரத்தை உடனே மீட்க வேண்டுமானால், பல மேசைத்தளங்களில் ஆல்ட் விசையையும் எஃப்7 விசையையும் சேர்த்து அழுத்தி, அம்புக்குறி விசைகளால் உள்ளே இழுத்து வரலாம்.

மறுநாள் பேராசிரியர் வரைபடத்தில் இரண்டு பிழை கண்டார். அது வேறு கதை. ஆய்வுக்கூடத்தில் அளந்த பிறகே எதையும் மாற்றும் நான், வீட்டில் அளக்காமலே மாற்றத் துணிந்தேன். அறிவியலை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போலும்! திண்ணையில் அதை எனக்கு நினைவூட்டியவர், கணினியைத் தொட்டறியாத என் அப்பா.