டைப்ரைட்டரின் மேல் வரிசை

தேனி, போடி, கம்பம் பக்கம் பிளஸ் டூ முடித்த கையோடு பாதிப் பேர் டைப்பிங் கிளாஸில் சேர்ந்துவிடுவார்கள். குரூப் 4 எழுதி தட்டச்சர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்தச் சான்றிதழ் வேண்டுமே! லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். வீட்டில் லேப்டாப் இருந்தாலும் சரி, பழகுவது அந்தப் பழைய இரும்பு மிஷினில்தான்.

போடியிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் ஒரு பி.காம். மாணவனும் அப்படித்தான் சேர்ந்தான். அம்மா ஏலக்காய்க் கடையில் ரகம் பிரிக்கிறார். பையன் பிளஸ் டூ வரை தமிழ் வழி. கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். முதல் செமஸ்டரில் ஒருநாள் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். "சோல் ப்ரொ... ப்ரொப்ரி..." அதற்கு மேல் வரவில்லை. சோல் ப்ரொப்ரைட்டர், அதாவது தனி உரிமையாளர். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். வாசிக்கச் சொல்வார்கள் என்று தெரிந்த நாளில் கல்லூரிக்கே போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

டைப்பிங் கிளாஸை மட்டும் விடவில்லை. ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று நடு வரிசையை முடித்து மேல் வரிசைக்கு வந்தபோது, மாஸ்டர் ஒரு விளையாட்டுச் சொன்னார். மேல் வரிசையில் இருப்பது பத்தே எழுத்து: கியூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய், யு, ஐ, ஓ, பி. இவற்றை மட்டும் வைத்து எவ்வளவு நீளமான ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்க முடியும்? முதல் விடையை அவரே சொல்லிவிட்டார்: டைப்ரைட்டர். பத்து எழுத்து! 1874-ல் ரெமிங்டன் கம்பெனி இந்த மிஷினை விற்க ஆரம்பித்தபோது, விற்பனையாளர்கள் 'டைப்ரைட்டர்' என்று சட்டென்று அடித்துக் காட்டுவதற்காகவே எழுத்துகளை இப்படி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சான்று கிடையாது, ஆனால் நல்ல கதை.

பையன் அன்று ராத்திரி அக்கவுன்டன்சி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினான். பாடம் படிக்க இல்லை, எழுத்துத் தேட. ஈக்விட்டி கிடைத்தது. ப்ராப்பர்ட்டி கிடைத்தது. பெர்பெச்சுவிட்டி, பத்து எழுத்து. அதற்கப்புறம் அந்தச் சொல்லே வந்து நின்றது: ப்ரொப்ரைட்டர். அதுவும் பத்து எழுத்து, அத்தனையும் மேல் வரிசை! (ருப்ச்சர்வோர்ட் என்று ஒரு செடியின் பெயர் பதினொன்று வரும். பரீட்சைக்கு உதவாது.) மறுநாள் மிஷினில் அதை இருபது தடவை அடித்தான். வாயில் மாட்டிய சொல் விரலில் மாட்டவில்லை.

இதில் பெரிய அறிவு எதுவும் இல்லை என்பது உண்மைதான். பெர்பெச்சுவிட்டிக்கு அர்த்தம் அவனுக்கு அப்போது தெரியாது. முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் வருமானம் என்று பிறகுதான் பார்த்துத் தெரிந்துகொண்டான். ஆனால் பயந்துபோயிருந்த ஒருவனுக்கு, ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அர்த்தம் கேட்டால் பயம். உச்சரிப்பு கேட்டால் பயம். எத்தனை எழுத்து என்று கேட்டால் யார் பயப்படுவார்கள்?

அப்புறம் நிறுத்த முடியவில்லை. இடது கையால் மட்டும் அடிக்கக்கூடியவை: ட்ரேட், டாக்ஸ், வேஜஸ், அசெட்ஸ், ரிசர்வ். வலது கையால் மட்டும்: மில்லியன், மோனோபாலி. வியாபாரமும் வரியும் கூலியும் ஒரு கை, மில்லியனும் ஏகபோகமும் இன்னொரு கை! கீழ் வரிசையில் உயிரெழுத்தே இல்லை, அதனால் அங்கே பருப்பு வேகாது. ஒரே எழுத்து இரண்டு முறை வராத சொல்லில் 'அன்காப்பிரைட்டபிள்' 15 எழுத்து. அடுத்தடுத்து மூன்று ஜோடி எழுத்துகள் வரும் சொல் எது தெரியுமா? பி.காம். மாணவர்கள் தினமும் எழுதுவதுதான்: புக்கீப்பிங். ஓ ஓ, கே கே, இ இ. நடுவில் ஒரு 'கே'யை விழுங்கிவிட்டு எழுதுகிறவர்கள் வகுப்பில் பாதிப் பேர். இனி எண்ணிப் பாருங்கள்.

புத்தகம் தீர்ந்ததும் பஸ் போர்டுகள். கருநாக்கமுத்தன்பட்டி ஆங்கிலத்தில் 20 எழுத்து, தமிழில் 12. காமயகவுண்டன்பட்டி ஆங்கிலத்தில் 18, தமிழில் 11. இந்த நீளத்தை போர்டில் எழுத முடியாமல்தானோ என்னவோ, ஊர்க்காரர்களே கே.கே.பட்டி, கே.ஜி.பட்டி என்று சுருக்கிவிட்டார்கள். கம்பத்தை ஆங்கிலத்தில் 'கும்பும்' மாதிரி 'யு' போட்டு எழுதுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. மாறியிருந்தால் இந்தப் பையன் பல ஊர்களைத் திரும்ப எண்ண வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாம் செமஸ்டரில் மறுபடி வாசிக்கச் சொன்னபோது அவன் வகுப்பில் இருந்தான். ப்ரொப்ரைட்டர் ஒழுங்காக வந்தது. அடுத்த வரியில் வேறொரு சொல்லில் தடுக்கினான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பத்தியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

நடு வரிசைதான் அவனை ரொம்ப நாள் அலைய விட்டது. அங்கே இருக்கும் ஒரே உயிரெழுத்து 'ஏ'. க்ளாஸ், ஃப்ளாஸ்க், சாலட் என்று தேடிக் கடைசியில் ஏழு எழுத்தில் ஒன்று கிடைத்தது: அல்ஃபால்ஃபா. என்ன இது என்று அகராதியில் பார்த்தால், குதிரைமசால். தாத்தா தொழுவத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டு மாட்டுக்கு அறுத்துப் போடுகிறாரே, அதே தீவனம்!

ஓடிப்போய்ச் சொன்னான். தாத்தா அரிவாளைக் கீழே வைக்காமல் கேட்டார்:

"எத்தனை எழுத்துடா?"

"ஏழு தாத்தா."

"நம்ம பேருல?"

விரல் விட்டு எண்ணினான். "ஆறு."

"சரி, இந்தக் கட்டைத் தூக்கிட்டு வா."